ஏசி ஆன் ஆகலையா? போர்டு போச்சு, கேஸ் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை வரிசையா பாருங்க

வேர்த்துக் கொட்டுற நேரத்துல ரிமோட்டை அமுக்குறோம், ஏசி கிட்ட இருந்து ஒரு பீப் சத்தம் கூட வரல. உடனே மனசுல ஓடுறது ரெண்டு விஷயம்தான், ஒண்ணு பிசிபி போர்டு (ஏசியை இயக்குற எலக்ட்ரானிக் பலகை) போயிடுச்சு, இல்லன்னா கேஸ் தீந்துடுச்சு. ரெண்டுமே பெரிய செலவு. ஆனா நிறைய நேரத்துல கோளாறு ஏசிக்குள்ளயே இருக்காது, சுவத்துல இருந்து ஏசி வரைக்கும் கரண்ட் வர்ற வழியில எங்கயாவது ஒரு இடத்துல நின்னுருக்கும். அந்த வழியிலயே அடி அடியா நடந்து எது வரைக்கும் கரண்ட் வருது, எங்க நிக்குதுன்னு பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. அதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

கேஸ் பத்தி முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இதுலதான் ஜனங்க அதிகமா ஏமாறுறாங்க. கேஸ் கம்மியானா ஏசி ஆன் ஆகும், லைட் எரியும், ஃபேன் ஓடும், கூலிங் மட்டும்தான் வராது, சில மாடல்ல கொஞ்ச நேரம் ஓடி எரர் காட்டி நிக்கும். லைட்டே எரியாத ஏசிக்கும் கேஸுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அதோட கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் கிடையாது, மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும், குறைஞ்சா எங்கயோ லீக்னு அர்த்தம். டிஸ்ப்ளே செத்துக் கிடக்கிற ஏசியை பாத்துட்டு கேஸ் ஏத்தணும்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு வேற ஆளை கூப்பிடுங்க.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி

கருகின வாசனை வருதா, பிளக்கோ சாக்கெட்டோ உருகி இருக்கா, ஏசி பாடியை தொட்டா சுர்ருன்னு இழுக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் எம்சிபியை (கரண்ட் அதிகமானா தானா விழுற மெயின் போர்டு ஸ்விட்ச்) கீழ இறக்கிட்டு நேரா எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க, கீழ சொல்ற எதையும் முயற்சி பண்ண வேண்டாம். அதே மாதிரி மூடியை திறக்குற வேலை எதுவா இருந்தாலும் எம்சிபி ஆஃப்ல இருக்கணும், ரிமோட்ல ஆஃப் பண்றது ஆஃப் கிடையாது, அப்பவும் போர்டுக்கு கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும்.

முதல் கேள்வி: ஆன் ஆகலைன்னா எப்படி ஆகல?

இது முக்கியம். ஏசி ஆன் ஆகலன்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றாங்க, ஆனா அதுக்குள்ள மூணு தனித்தனி பிரச்சனை இருக்கு. லைட் இல்ல, பீப் இல்ல, மொத்தமா டெட், இது ஒண்ணு. லைட் எரியுது இல்லன்னா பிளிங்க் ஆகுது ஆனா காத்து வரல, இது ரெண்டாவது. உள்ள காத்து வருது ஆனா வெளிய இருக்கிற அவுட்டோர் ஓடவே இல்ல, இது மூணாவது. முதல் வகைன்னா கரண்ட் வர்ற வழியை பாக்கணும், ரெண்டாவது வகைன்னா ஏசியே என்ன சொல்லுதுன்னு கவனிக்கணும், மூணாவது வகைன்னா அவுட்டோர் பக்கம் போகணும்.

மூணாவது வகையில ஒரு விஷயம், ஏசியை ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணினா கம்ப்ரசர் (அவுட்டோர்ல கேஸை அழுத்தி ஓட்டுற மோட்டார்) சுமார் 3 நிமிஷம் கழிச்சுதான் கிளம்பும். அது கோளாறு இல்ல, உள்ள இருக்கிற பிரஷர் சமமாகட்டும்னு கம்பெனியே வெச்ச தாமதம். பொறுமை இல்லாம ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு அமுக்கிக்கிட்டே இருந்தா சில மாடல்ல அந்த 3 நிமிஷம் திரும்ப திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அப்புறம் ஏசி ஓடவே இல்லன்னு தோணும்.

ரிமோட்டா, ஏசியா?

ரிமோட் ஸ்கிரீன்ல எழுத்து தெளிவா தெரியுதுன்னு பேட்டரி நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. ஸ்கிரீனுக்கு கொஞ்சம் சார்ஜ் போதும், சிக்னல் அனுப்புறதுக்கு அதை விட நிறைய வேணும். செல்போன்ல செல்ஃபி கேமராவை ஆன் பண்ணி ரிமோட் முனையில இருக்கிற சின்ன பல்பை அதுக்கு நேரா காட்டி பட்டனை அமுக்குங்க, போன் ஸ்கிரீன்ல வெளிர் ஊதா நிறத்துல மினுக் மினுக்குன்னு தெரியும். தெரிஞ்சா ரிமோட் சிக்னல் அனுப்புது. சில போன்ல பின்னாடி கேமராவுல இது தெரியாது, அதனாலதான் செல்ஃபி கேமரான்னு சொன்னேன், அதுலயும் தெரியலன்னா டிவி ரிமோட்டை வெச்சு உங்க போன்ல தெரியுதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. ரெண்டு பேட்டரியையும் சேத்து மாத்துங்க, பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு வேண்டாம். ஸ்பிரிங்ல பச்சையா வெள்ளையா பூத்திருந்தா சுரண்டி துடைச்சிடுங்க.

இன்னொரு குழப்பம், பெரும்பாலான ஏசி ரிமோட் தன் நிலைமையை தானே ஞாபகம் வெச்சுக்கும், ஏசி கிட்ட கேட்டு தெரிஞ்சுக்காது. ஏசி ஆஃப்ல இருக்கும்போது ரிமோட் மட்டும் தான் ஆன்ல இருக்கிறதா நினைச்சுக்கிட்டு இருந்தா, நீங்க அமுக்குறப்போ அது ஆஃப் சிக்னலைத்தான் அனுப்பும். அதனால ஸ்கிரீனை பாத்துக்கிட்டே அமுக்குங்க. டைமர் போட்டிருக்கா, லாக் குறி தெரியுதா, கூல் மோடுக்கு பதிலா ஃபேன் மோடு இல்ல ஹீட் மோடுல இருக்கா, வெப்பநிலை ரூமை விட அதிகமா வெச்சிருக்கா, இதையெல்லாம் ஒரு பார்வை பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் வேலை செய்யலன்னா இண்டோரோட (ரூமுக்குள்ள இருக்கிற யூனிட்) முன் மூடியை தூக்குங்க, பெரும்பாலும் வலது பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கும், ஆட்டோன்னோ எமர்ஜென்சின்னோ எழுதியிருக்கும். ரிமோட் தொலைஞ்சா பயன்படுத்தத்தான் அதை வெச்சிருக்காங்க. ஒரு தடவை அமுக்கி உடனே விட்டுடுங்க, பல மாடல்ல ரொம்ப நேரம் அமுக்கினா டெஸ்ட் மோடுக்கு போயிடும். இப்ப ஏசி ஓடிச்சுன்னா ஏசி நல்லா இருக்கு, பிரச்சனை ரிமோட்ல இல்லன்னா சிக்னல் வாங்குற ரிசீவர்ல. அந்த சமயத்துல ரூம்ல இருக்கிற லைட்டெல்லாம் அணைச்சிட்டு ரிமோட்டை ஒரு தடவை அமுக்கி பாருங்க, சில டியூப்லைட், எல்ஈடி லைட் ரிசீவரை குழப்பும். பட்டனை அமுக்கியும் சத்தமே இல்லன்னா ஏசிக்கு கரண்டே வரலன்னு எடுத்துக்கிட்டு அடுத்ததுக்கு போங்க.

கரண்ட் வர்ற வழி

வீட்ல லைட் எரியுது ஃபேன் சுத்துதுன்னு ஏசிக்கும் கரண்ட் இருக்கும்னு நினைக்க வேண்டாம், ஏசிக்கு தனி லைன் இருக்கும். 3 ஃபேஸ் கனெக்‌ஷன் இருக்கிற வீட்ல ஒரு ஃபேஸ் மட்டும் போயிருந்தா பாதி வீடு எரியும் பாதி வீடு எரியாது, ஏசி அந்த எரியாத பாதியில மாட்டியிருக்கலாம்.

எம்சிபியை பாருங்க. டிரிப் ஆன எம்சிபி சில சமயம் முழுசா கீழ விழாது, நடுவுல தொங்கும், தூரத்துல இருந்து பாத்தா ஆன்ல இருக்கிற மாதிரியே தெரியும். முதல்ல முழுசா கீழ இறக்கணும், அப்புறம்தான் மேல தூக்கணும், நடுவுல இருந்து நேரா மேல தள்ளினா நிக்காது. ஒரே ஒரு தடவை தூக்கி பாருங்க. தூக்கின உடனே பட்டுன்னு விழுந்தா எங்கயோ ஷார்ட், திரும்ப திரும்ப தூக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் அந்த ஷார்ட்ல பெரிய கரண்ட் பாயுது. கம்ப்ரசர் கிளம்புற நொடியில விழுந்தா கம்ப்ரசரோ அதை கிளப்பி விடுற கெபாசிட்டரோ காரணமா இருக்கலாம், இல்லன்னா பி வகை எம்சிபி போட்டிருப்பாங்க. பி வகை தன் அளவை விட 3 முதல் 5 மடங்கு கரண்ட் வந்தாலே உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கு வந்தாத்தான் உடனே விழும், மோட்டார் கிளம்பும்போது கொஞ்ச நேரம் கரண்ட் எகிறும்ங்கிறதால ஏசிக்கு சி வகைதான் வழக்கமா போடுவாங்க. பத்து இருபது நிமிஷம் ஓடினப்புறம் விழுந்தா எம்சிபி ஸ்க்ரூ லூஸாகி சூடாகுதா, அவுட்டோர் காயில் தூசி அடைச்சுப் போய் கம்ப்ரசர் கரண்ட் அதிகமா இழுக்குதான்னு பாக்கணும்.

இங்க ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன், எம்சிபி விழுதுன்னு 16 ஆம்பியரை கழட்டிட்டு 32 போடாதீங்க. எம்சிபி காப்பாத்துறது ஏசியை இல்ல, சுவத்துக்குள்ள போற வயரை. பெருசா போட்டா எம்சிபி விழாது, வயர் எரியும். அதே போல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனை துண்டிக்கிற ஸ்விட்ச்) விழுந்தா ஏசியில எங்கயோ கரண்ட் எர்த்துக்கு கசியுதுன்னு அர்த்தம், வீட்டுக்கு போடுறது வழக்கமா 30 மில்லி ஆம்ப் கசிவுக்கு விழுற வகை, அது உயிரை காப்பாத்துற சாமான். எர்த் வயரை கழட்டி விட்டா ஆர்சிசிபி விழாம நிக்கலாம், ஆனா அப்புறம் ஏசி பாடியை தொடுற ஆள்தான் அந்த எர்த்.

ஸ்டெபிலைசர் இருந்தா அதோட டிஸ்ப்ளேயை பாருங்க. கரண்ட் வந்த உடனே அது சில நிமிஷம் டைம் டிலேல நிக்கும், அது வரைக்கும் அவுட்புட் இருக்காது. வோல்டேஜ் ரொம்ப குறைஞ்சாலோ ரொம்ப ஏறினாலோ கட் பண்ணி வெச்சுக்கும், அது தன் வேலையை ஒழுங்கா செய்யுதுன்னு அர்த்தம், வோல்டேஜ் சரியாகுற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வழி. இன்புட் சரியா காட்டி, டிலே முடிஞ்சும் அவுட்புட் வரலன்னா ஸ்டெபிலைசர் ரிலே (உள்ள கரண்டை சேத்து விடுற தானியங்கி ஸ்விட்ச்) போயிருக்கும், ஏசி மேல தப்பு இல்ல.

டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் வருதுன்னு அர்த்தமா?

இந்த ஒரு இடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எங்க வீட்லயே இதுல ஒரு ராத்திரி போச்சு. ஒரு நாள் படுக்கப் போற நேரத்துல ஓடிக்கிட்டு இருந்த ஏசி சட்டுன்னு நின்னுடுச்சு, லைட் இல்ல ஒண்ணும் இல்ல. சாக்கெட்ல டெஸ்டர் வெச்சா பளிச்சுன்னு எரியுது. வந்த மெக்கானிக்கும் டெஸ்டரை வெச்சு பாத்துட்டு கரண்ட் வருது, அப்ப போர்டுதான் போச்சு, புதுசுதான் போடணும்னு சொல்லிட்டு போயிட்டார். எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு, டெஸ்டர் ஒரு ஓட்டையில மட்டும் இல்ல, ரெண்டு ஓட்டையிலயும் எரிஞ்சுது. மறுநாள் காலையில மல்டிமீட்டர் வெச்சு பாத்தா ஃபேஸுக்கும் (கரண்ட் வர்ற வயர்) எர்த்துக்கும் நடுவுல 230 வோல்ட், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) நடுவுல ஒண்ணுமே இல்ல. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏசிக்கு போற பெட்டியை திறந்தா நியூட்ரல் வயர் ஸ்க்ரூவுக்குள்ள கருகிப் போய் இருந்துச்சு, விரலால லேசா தொட்டதும் கையோட வந்துடுச்சு. கருகின முனையை வெட்டி, புது செம்பு தெரியுற வரைக்கும் தோலை உரிச்சு, அந்த டெர்மினலையும் மாத்தி இறுக்கினோம், ஏசி ஓடிச்சு. போர்டுக்கு ஒண்ணுமே ஆகல.

ஏன் அப்படின்னா, டெஸ்டர் ஃபேஸ் இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். கரண்ட் போயிட்டு திரும்பி வர நியூட்ரல் வேணும், அது அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியத்தான் செய்யும். நியூட்ரல் அறுந்து, ஏசி பிளக் மாட்டியிருந்தா ஃபேஸ் ஏசிக்குள்ள போய் அந்தப் பக்கமா நியூட்ரல் வயர் வழியா திரும்பி வந்து அதுலயும் டெஸ்டரை எரிய வைக்கும். ரெண்டு பக்கமும் எரிஞ்சா நியூட்ரல் மேல சந்தேகப்படுங்க, அந்த நியூட்ரல் வயரும் அப்ப ஷாக் அடிக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க.

மல்டிமீட்டர் பழக்கம் இருக்கிறவங்க ஏசி வோல்டேஜ் (இங்க ஏசின்னா ஏர் கண்டிஷனர் இல்ல, மாறுதிசை கரண்ட்) பக்கம் பெரிய ரேஞ்சுல வெச்சு மூணு இடம் பாக்கணும். 230 வோல்ட் லைன்ல ஃபேஸ் நியூட்ரல் நடுவுல கிட்டத்தட்ட அந்த அளவு, ஃபேஸ் எர்த் நடுவுலயும் அதே அளவு, நியூட்ரல் எர்த் நடுவுல சில வோல்ட் மட்டும். டிஜிட்டல் மீட்டர் சும்மா தொங்குற வயர்ல கூட 60, 80 வோல்ட்னு எதையாவது காட்டும், அதை லோ வோல்டேஜ்னு நினைக்காதீங்க. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒரு ஹோல்டர்ல குண்டு பல்பை மாட்டி அதை வெச்சு பாப்பார், பல்பு முழுசா எரிஞ்சா அது உண்மையான வோல்டேஜ்தான். மீட்டர் பழக்கம் இல்லாதவங்க இந்த இடத்துல கைய வெக்க வேண்டாம்.

பிளக்கை கழட்டி அதோட பின்னை பாருங்க, ஒரு பின் மட்டும் பழுப்பா கருத்திருந்தா அங்க லூஸ் கான்டாக்ட், பிளக்கோட சேத்து சாக்கெட்டையும் மாத்தணும். ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டவே கூடாது.

ஒரு ரீசெட்

சாக்கெட் வரைக்கும் எல்லாம் சரின்னா எம்சிபியை இறக்கி 10 நிமிஷம் அப்படியே விடுங்க. கரண்ட் போயிட்டு வந்த சமயத்துல போர்டுல இருக்கிற சிப் ஹேங் ஆகி நின்னிருக்கலாம், உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல மிச்ச சார்ஜ் இறங்கினாத்தான் அது முதல்ல இருந்து கிளம்பும், அதனாலதான் ஒரு நொடி ஆஃப் பண்ணி ஆன் பண்றது பத்தாது.

இண்டோர் போர்டு

இது எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு, வாரண்டி இருந்தா அவங்களும் திறக்க வேண்டாம். சில ஸ்ப்ளிட் மாடல்ல, முக்கியமா இன்வெர்ட்டர் ஏசில (கம்ப்ரசர் வேகத்தை தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கிற வகை), கரண்ட் முதல்ல அவுட்டோருக்கு போய் அங்க இருந்துதான் இண்டோருக்கு வரும், அந்த மாதிரி மாடல்ல உள்ள லைட் எரியலன்னா வெளிய இருக்கிற டெர்மினலை முதல்ல பாக்கணும், எலி கடிச்ச வயரை அங்கதான் பாப்பீங்க.

போர்டுல கரண்ட் நுழையுற இடத்துலயே ஒரு சின்ன கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், பக்கத்துல பட்டன் மாதிரி வட்டமா வேரிஸ்டர்னு ஒரு பார்ட் இருக்கும். ஹை வோல்டேஜ் வந்தா வேரிஸ்டர் தன்னை பலி குடுத்து ஃபியூஸையும் எரிய வெச்சு மிச்ச போர்டை காப்பாத்தும். வேரிஸ்டர் வெடிச்சு கருகியிருந்து மத்ததெல்லாம் சுத்தமா இருந்தா இந்த ரெண்டையும் மாத்தினா போர்டு பிழைக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஃபியூஸ் மேல எழுதியிருக்கிற அதே அளவுதான் போடணும், வயர் இழையை சுத்தி வெக்காதீங்க. புது ஃபியூஸும் போனா அதுக்கப்புறம் எங்கயோ ஷார்ட் இருக்கு. போர்டுல பல்லி செத்து ஒட்டிக்கிட்டு இருக்கிறது, ரிலேக்குள்ள எறும்பு புகுந்து அடைச்சுக்கிறது, இதெல்லாமும் உண்மையா நடக்குறதுதான்.

லைட் பிளிங்க் ஆகுதுன்னா

அது ஏசி உங்ககிட்ட பேசுது. எந்த லைட், எத்தனை தடவை மினுங்கி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ணுங்க, போன்ல வீடியோ எடுத்துக்கோங்க, டிஸ்ப்ளேல எழுத்து வந்தா போட்டோ எடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அர்த்தம், ஒரு கம்பெனியோட எரர் நம்பரை வெச்சு இன்னொண்ணை முடிவு பண்ண முடியாது, மேனுவலை பாருங்க. வழக்கமா வர்றது டெம்பரேச்சர் சென்சார் கோளாறு, ஃபேன் மோட்டார் கோளாறு, இண்டோர் அவுட்டோர் நடுவுல பேச்சு அறுந்து போறது. சென்சார் சின்ன பொருள்தான், அது போனாலே மொத்த ஏசியும் நிக்கலாம். கூரையில பதிக்கிற கேசட், டக்ட் மாடல்ல வடிகால் தண்ணி அடைச்சா உள்ள இருக்கிற மிதவை ஸ்விட்ச் ஏசியை நிறுத்திடும்.

அவுட்டோர் ஓடலன்னா

பழைய இன்வெர்ட்டர் இல்லாத ஏசில உம்ம்னு ஒரு சத்தம் வந்து சில நொடியில டக்குன்னு நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அதே மாதிரி ஆனா கெபாசிட்டர் மேல முதல் சந்தேகம். அது மேல்பக்கம் உப்பியிருக்கும், இல்லன்னா எண்ணெய் கசிஞ்சிருக்கும், உப்பாமலேயும் போகும். மேல 50 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்து மீட்டர்ல 35, 40 காட்டினா மாத்திட வேண்டியதுதான், மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்கணும், வோல்டேஜ் அதே அளவோ அதை விட அதிகமாவோ இருக்கணும். கம்ப்ரசர் ரொம்ப சூடாகி ஓவர்லோட் கட் ஆகியிருந்தா ஆறுறதுக்கு அரை மணிக்கு மேல கூட ஆகும், அதுக்குள்ள கம்ப்ரசர் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிடக் கூடாது.

கெபாசிட்டர் எம்சிபி ஆஃப்ல இருந்தாலும் சார்ஜ் வெச்சிருக்கும். இன்வெர்ட்டர் அவுட்டோர் போர்டுல இருக்கிற பெரிய கெபாசிட்டர்கள்ல 300 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், ஆஃப் பண்ணி பல நிமிஷம் ஆனாலும் அளந்து பாக்காம தொட முடியாது. இந்த மூடியை வீட்ல இருக்கிறவங்க திறக்கவே வேண்டாம், இது பயமுறுத்துறதுக்காக சொல்றது இல்ல. நீங்க செய்யக் கூடியது வெளிய நின்னு காது குடுத்து கேக்குறது, ஃபேன் சுத்துதா, கம்ப்ரசர் அதிருதான்னு பாக்குறது, அவ்வளவுதான்.

மெக்கானிக் கிட்ட என்ன சொல்றது

ஏசி ஆன் ஆகலன்னு மட்டும் சொல்லாதீங்க. சாக்கெட்ல ஃபேஸ் நியூட்ரல் இவ்வளவு வோல்ட் வருது, எமர்ஜென்சி பட்டன் அமுக்கியும் பீப் இல்ல, ரீசெட் பண்ணியாச்சு, இல்லன்னா பச்சை லைட் 5 தடவை மினுங்குது, இப்படி சொல்லுங்க, மாடல் நம்பரையும் சொல்லிடுங்க. வர்றவர் சரியான பார்ட் எடுத்துட்டு வருவார், உங்ககிட்ட கதை சொல்லவும் யோசிப்பார். போர்டு மாத்தணும்னா எந்த பார்ட் போச்சுன்னு கேளுங்க, ரிப்பேர் பண்ண முடியுமான்னு கேளுங்க, மாத்தினா பழைய போர்டை உங்ககிட்டயே வாங்கி வெச்சுக்கோங்க.

ஏசி ஓட ஆரம்பிச்சதும் அப்படியே போய் படுத்துடாதீங்க. 20 நிமிஷம் ஓட விட்டு, ஏசியை ஆஃப் பண்ணி, ஸ்விட்சையும் ஆஃப் பண்ணி, பிளக்கோட பிளாஸ்டிக் பக்கத்தை புறங்கையால தொட்டு பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல, கை வெக்க முடியாத சூடா இருந்தா ஏசி ஓடினாலும் அந்த சாக்கெட்டை மாத்துற வரைக்கும் திரும்ப போடாதீங்க.